மாணவர் நாட்டு நடப்பை ஆராயலாமா?
‘ஃபஜார்’ வழக்கு தரும் விடை

மாணவனுக்குப் பாடநூலே உலகம், நாட்டு நடப்பும் அரசியல் வாதமும் அவனுக்கு வேண்டாதவை என்று கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். மாணவர் எழுதுகோலெடுத்து அரசின் கொள்கையை ஆராயப் புகின் அது கல்வியின் பகுதியா, அன்றிக் குற்றமா? இவ்வினா 1954ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் முன் வழக்காகவே வந்து நின்றது. அதன் வரலாற்றை அறிதல் ஆசிரியர் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

மன்றமும் ஏடும்

1905ஆம் ஆண்டில் தோன்றிய மருத்துவக் கல்லூரியும், பின்னர்த் தோன்றிய இராஃபிள்ஸ் கல்லூரியும் 1949 அக்டோபரில் ஒன்றாகி மலாயாப் பல்கலைக் கழகம் ஆயின. அது சிங்கப்பூரில் அமைந்திருந்த போதிலும், மலாயா முழுமைக்கும் உரிய ஒரே பல்கலைக் கழகமாக விளங்கியது. பினாங்கிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்த பல இன மாணவர்கள் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையிலமர்ந்து உண்டு, தங்கள் நாடு எவ்வாறு அமைய வேண்டும் என்று வாதிட்டனர்.

அவ்வாதங்களின் விளைவே 1953 பிப்ரவரியில் தோன்றிய பல்கலைக் கழகச் சோசலிச மன்றம். அம்மன்றம் வெளியிட்ட ஏட்டின் பெயர் ‘ஃபஜார்’. மலாய் மொழியில் அச்சொல்லுக்கு விடியல் என்பது பொருள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஏட்டிற்கு மலாய்ப் பெயரிட்டது கருதத் தக்கது. வருங்கால நாட்டின் பொதுமொழி எதுவென்பதில் அவ்விளைஞர்கள் கொண்டிருந்த எண்ணத்தை அப்பெயரே காட்டுகிறது. அதனைப் படித்தவரும் பெரும்பாலோர் பல்கலைக் கழக வளாகத்தினரே.

அக்காலச் சூழ்நிலையையும் மறத்தல் ஆகாது. 1948 ஜூனில் அவசர காலம் அறிவிக்கப்பட்டிருந்தது. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்ரி கர்னி ஃபிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டப் புறங்களில் அச்சம் நிலவியது. ஆகவே, எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் அரசு ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. ஆயினும் ஐயம் வேறு. மெய்ப்பிக்கப்பட்ட குற்றம் வேறு.

வழக்குக்குரிய கட்டுரை

1954 மே மாதம் ஆசியா முழுவதும் கொந்தளித்திருந்தது. மே 7ஆம் நாள் வியட்நாமின் தியென் பியென் பூ கோட்டை பிரெஞ்சுப் படையினரிடமிருந்து வீழ்ந்தது. ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய மாநாடு நடந்துகொண்டிருந்தது. தென்கிழக்காசியாவிற்கென ஓர் இராணுவக் கூட்டணி அமைப்பது பற்றி மேலை வல்லரசுகள் ஆலோசித்து வந்தன. இந்நிலையில் வெளிவந்த ‘ஃபஜார்’ இதழில் ‘ஆசியாவில் ஆக்கிரமிப்பு’ என்ற தலையங்கம் இடம்பெற்றது. குடியேற்ற ஆட்சியையும், அமையவிருந்த கூட்டணியையும் அது வன்மையாகக் கண்டித்தது.

மே 28ஆம் நாள் ஆசிரியர் குழுவினர் எண்மர் கைது செய்யப்பட்டனர். போ சூ காய், ஜேம்ஸ் புதுச்சேரி, குவா பூ சன், லாம் குவான் கிட், பி. அருட்சோதி, எம். கே. இராஜகுமார், எட்வின் தம்பு, தாமஸ் வர்க்கி என்போர் அவ்வெண்மர். சீன வழியினரும் இந்திய, இலங்கை வழியினரும் ஒரே குற்றக் கூண்டில் நின்றனர். இவர்களுள் புதுச்சேரி, 1951இலேயே விசாரணையின்றிச் சிறைப்பட்டு மீண்டவர். இம்முறை சாட்டப்பட்ட குற்றம் அரச நிந்தனை.

மூன்று நாள் விசாரணை

மாணவர்களுக்காக வாதாட இங்கிலாந்திலிருந்து டி. என். பிரிட் வந்தார். கென்யாவின் ஜோமோ கென்யாட்டாவுக்காக வாதாடிப் பெயர் பெற்றவர் அவர். அவருக்குத் துணை நின்றவர், அப்பொழுது முப்பது வயதே நிரம்பிய லீ குவான் யூ.

நிந்தனைச் சட்டத்தின் இயல்பை இங்குச் சிறிது விளக்குதல் நலம். அரசின்மீது மக்களுக்கு வெறுப்பையும் பகையையும் மூட்டுவது அச்சட்டப்படி குற்றம். ஆனால், அரசு தவறான வழியிற் சென்றது என எடுத்துக்காட்டுவது மட்டும் நிந்தனையாகாது என்று அத்தகைய சட்டங்களே விலக்கும் அளித்துள்ளன. கண்டனம் எங்கே முடிகிறது, நிந்தனை எங்கே தொடங்குகிறது என்பதே கேள்வி.

ஆகஸ்டில் நடைபெற்ற விசாரணை மூன்றே நாளில் முடிந்தது. நீதிபதி எஃப். ஏ. சுவா எண்மரையும் விடுதலை செய்தார். குடியேற்ற ஆட்சியின் நீதிமன்றமே, ஆட்சியாளர் தொடுத்த வழக்கைத் தள்ளியது. மாணவர் கருத்து சரியானது என்று இத்தீர்ப்பு கூறியதாகக் கொள்ளுதல் பிழை. அக்கருத்தை எழுதியது குற்றமாகவில்லை என்பதே அதன் பயன். இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கிக் காட்டுதல் வேண்டும்.

காலம் காட்டியது

எந்தக் கூட்டணியை மாணவர் கண்டித்தனரோ, அது விடுதலைத் தீர்ப்புக்குப் பின் இரண்டு வாரங்களில், 1954 செப்டம்பர் 8ஆம் நாள் மணிலாவில் கையெழுத்தாகியது. அதுவே சியாட்டோ. தென்கிழக்காசிய நாடுகளுள் தாய்லாந்தும் பிலிப்பைன்சும் மட்டுமே அதில் சேர்ந்தன. 1957இல் விடுதலை பெற்ற மலாயா, பிரிட்டனோடு தனியே தற்காப்பு உடன்படிக்கை செய்துகொண்ட போதிலும், சியாட்டோவில் சேரவில்லை. 1971 நவம்பரில் கோலாலம்பூரில் கூடிய ஐந்து நாட்டு அமைச்சர்கள், இவ்வட்டாரம் அமைதியும் நடுநிலைமையும் உடையதாக விளங்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டனர். சியாட்டோ 1977இல் கலைந்தது. 1954இல் வல்லரசுக் கூட்டணியை எதிர்த்தது நிந்தனை எனப்பட்டது. பதினேழே ஆண்டுகளில் வல்லரசுகளின் தலையீடு வேண்டாம் என்பது அரசுகளின் கொள்கையே ஆயிற்று. அதனால் ‘ஃபஜார்’ எழுதியன யாவும் சரியென்று ஆகிவிடா. கைது செய்து அடக்கியிருந்தால் ஆராயப்படாமலே போயிருக்கக் கூடிய கருத்து அது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

எழுதியவர்கள் கொடுத்த விலை

விடுதலைத் தீர்ப்போடு கதை முடியவில்லை. 1963 பிப்ரவரி 2ஆம் நாள், பிரிட்டன், மலாயா, சிங்கப்பூர் ஆகிய மூன்று அரசுகளின் பேராளர் அமர்ந்த உள்நாட்டுப் பாதுகாப்பு மன்றத்தின் முடிவுப்படி, சிங்கப்பூரில் நூற்றுக்கு மேற்பட்டோர் தடுத்து வைக்கப்பட்டனர். கம்யூனிச அபாயம் காரணமாகக் கூறப்பட்டது. அக்காரணம் பொருந்துமா என்பதில் வரலாற்றாசிரியர் இன்றளவும் மாறுபடுகின்றனர். அன்று பிடிபட்டோருள் புதுச்சேரியும் போ சூ காயும் இருந்தனர். 1954இல் அவர்களுக்காக நீதிமன்றத்தில் துணை நின்றவர் அப்பொழுது சிங்கப்பூரின் பிரதமர். அம்மாதமே ‘ஃபஜார்’ தடை செய்யப்பட்டது. போ சூ காய் இருமுறையாகப் பதினேழு ஆண்டுகள் தடுப்புக் காவலில் கழித்தார். மன்றமும் 1971இல் மறைந்தது.

எனினும் அவ்வெண்மரின் உழைப்பு வீண்போகவில்லை. இராஜகுமார் மருத்துவராகி, உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பின் தலைவர் பதவி வரை உயர்ந்தார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த எட்வின் தம்பு, ஆங்கிலக் கவிஞராகவும் பேராசிரியராகவும் விளங்கினார். புதுச்சேரி 1956 முதல் 1959 வரை சிறையிலிருந்தபொழுது எழுதிய ‘மலாயப் பொருளாதாரத்தில் உடைமையும் கட்டுப்பாடும்’ என்ற ஆங்கில நூல் 1960இல் வெளிவந்தது. இரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் யார் கையில் உள்ளன, ஐரோப்பிய ஏஜென்சி நிறுவனங்கள் அவற்றை எவ்வாறு நடத்துகின்றன என்பதை அந்நூல் கணக்கோடு எடுத்துரைத்தது. தோட்டத்துத் தமிழன் விடியற்காலையில் பால்வெட்டச் சென்ற மரம் யாருடையது என்ற கேள்விக்கு விடை தேடியவர், ஒரு காலத்தில் மாணவர் ஏட்டில் எழுதிப் பழகியவரே.

ஆசிரியர் கடமை

மலேசியாவில் 1971இல் இயற்றப்பட்டு 1975இல் கடுமையாக்கப்பட்ட பல்கலைக் கழகச் சட்டம் மாணவர் அரசியலைத் தடுத்தது. 2012இல் அத்தடை தளர்ந்தது. 2019இல் நாடாளுமன்றம் ஏற்ற திருத்தம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபின், பதினெட்டு வயதினர் வாக்குரிமையும் பெற்றனர். நேற்று வரை நாட்டு நடப்பைப் பேசாதே என்று அடக்கப்பட்டவன், இன்று திடீரென வாக்குச்சீட்டை ஏந்தி நின்றால், எதனைக் கொண்டு முடிவு செய்வான்?

ஆகவே வகுப்பறையிலேயே அப்பயிற்சி தொடங்குதல் வேண்டும். ஒரு செய்தியைப் படித்தால், கூறியவர் யார், எந்த ஆண்டில் கூறினார், சான்று யாது, மறுப்பவர் என்ன சொல்கிறார் என்று வினவப் பழக்குதல் வேண்டும். ஆசிரியர் தம் கட்சியை மாணவனுக்கு ஊட்டுதல் கூடாது. மாணவன் தவறாக எழுதினால் அத்தவறைச் சான்றுகாட்டித் திருத்துதலே ஆசிரியர்க்கு அழகு. அவன் ஏட்டைப் பறித்து மூடுதல் அன்று.