தீர்க்காயுளும் பரம்பரையும்

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து சேரும் மரபணு வேறுபாடுகள் மனிதருடைய ஆயுட்காலத்தை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கின்றன என்னும் ஆராய்ச்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புள்ளியியல் அறிஞர்களின் கையில் உருப்பெற்று, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூலக்கூற்று உயிரியலின் துணையால் புதிய திசையில் திரும்பி, இன்றும் முடிவு காணாமல் தொடர்ந்து நடைபெற்று வருவதாகும். சில குடும்பங்களில் தீர்க்காயுள் தலைமுறை தலைமுறையாக வருவதை எல்லா நாட்டு மக்களும் நெடுங்காலமாகவே கண்டிருக்கின்றனர். ஆனால் ஒரு குடும்பத்தார் இரத்தத்தோடு வீட்டையும், உணவையும், செல்வத்தையும், பழக்க வழக்கங்களையும் பகிர்ந்துகொள்கிறவர்கள் ஆதலால், அவர்களுடைய நீண்ட ஆயுளுக்கு இவற்றுள் எது காரணம், எது உபகாரணம் என்று பிரித்தறிவதே இத்துறையின் ஆதிமுதல் தீராத சங்கடமாக இருந்து வருகிறது.

இங்கிலாந்தில் கார்ல் பியர்சனும் மேரி பீட்டனும் பிரபு வம்சத்தினருடைய வரலாறுகளையும் குவேக்கர் சமயத்தாரின் குடும்பப் பதிவேடுகளையும் கொண்டு 1899-லும் 1901-லும் வெளியிட்ட கட்டுரைகளே இப்பொருள் பற்றிய முதல் முறையான கணக்குகள் எனலாம். பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருடைய ஆயுளுக்கிடையே சிறியதாயினும் ஐயத்துக்கு இடமில்லாத ஒரு தொடர்பு உண்டென்று அவர்கள் கண்டனர். தொலைபேசியைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்ற அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல், தமது முதுமையில் இதே பிரச்சினையில் ஈடுபட்டு, அமெரிக்காவில் ஹைட் என்னும் ஒரு குடும்பத்தின் வம்சாவளியைப் பரிசீலித்து 1918-ல் ஒரு நூல் வெளியிட்டார். தாய் தந்தை இருவரும் எண்பது வயதைக் கடந்திருந்தால் அவர்களுடைய மக்களின் சராசரி ஆயுள் சுமார் 53 ஆண்டு. இருவரும் அறுபதுக்கு முன்பே இறந்திருந்தால் அது சுமார் 33 ஆண்டு. இந்த இருபது ஆண்டு வித்தியாசம் பரம்பரையின் வலிமைக்கு அத்தாட்சியாக அக்காலத்தில் பலராலும் எடுத்துக் காட்டப்பட்டது. ஆயினும் சராசரிகள் இவ்வளவு தாழ்ந்திருப்பதே குழந்தைப் பருவ மரணங்களும் இக்கணக்கில் அடங்கியிருப்பதைக் காட்டும். தாயையும் தந்தையையும் இளமையிலேயே பறிகொடுத்த குழந்தைக்குப் போஷாக்கும் பராமரிப்பும் எவ்வாறு குறைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பவர், அந்த இருபது ஆண்டையும் இரத்தத்தின் கணக்கிலேயே எழுதத் துணிய மாட்டார். பால்ட்டிமோர் நகரத்து ரேமண்ட் பெர்ல், தம் மனைவி ரூத் பெர்லுடன் சேர்ந்து தீர்க்காயுள் பெற்றவர்களின் முன்னோர்களைப் பற்றி 1934-ல் எழுதிய நூலும் இதே தடையை முற்றிலும் தாண்டியதாகச் சொல்ல முடியாது.

இயற்கைத் தேர்வு முதுமையை ஏன் அனுமதித்தது என்னும் தத்துவக் கேள்விக்குப் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் 1951-ல் நிகழ்த்திய சொற்பொழிவில் ஒரு விடை கிடைத்தது. மக்களைப் பெற்று முடித்த பிறகு தலைகாட்டும் தீங்கான குணாம்சங்களைக் களைவதற்குத் தேர்வுக்குப் போதிய பலம் இல்லை என்பது அவர் கொள்கை. இளமையில் நன்மை புரிந்த மரபணுவே முதுமையில் தீமை புரியலாம் என்று ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957-ல் இதனை விரித்துரைத்தார்.

குடும்பத்தையும் பரம்பரையையும் பிரித்தறிய இரட்டைப் பிள்ளைகளே தக்க கருவியாயினர். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுதும் ஒன்றே. இரு கருவில் பிறந்தவர்களோ சாதாரண உடன்பிறந்தாரைப்போலச் சராசரியாகப் பாதியையே பொதுவாகக் கொண்டவர்கள். ஆனால் வளர்ப்பு இரு சாராருக்குமே ஒன்றுதான். ஆகவே முதல் வகையினரின் ஆயுள் இரண்டாம் வகையினரின் ஆயுளைவிட எவ்வளவு நெருங்கி ஒத்திருக்கிறதோ அவ்வளவுக்குப் பரம்பரையின் பங்கை மதிப்பிடலாம். நாடு முழுவதிலும் பிறந்த இரட்டையர்களைப் பதிவு செய்து பாதுகாத்து வந்த டென்மார்க்கில், 1870 முதல் 1900 வரை பிறந்த 2,872 ஜோடிகளை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட முடிவின்படி, ஆயுள் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு ஆண்களிடம் 26 சதவீதமும் பெண்களிடம் 23 சதவீதமுமாகும்.

இந்த எண்ணின் பொருளைப் பலர் தவறாகக் கொள்கின்றனர். எண்பது ஆண்டு வாழ்ந்தவருடைய ஆயுளில் இருபது ஆண்டு முன்னோர் கொடுத்தது, அறுபது ஆண்டு தாமே சம்பாதித்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட நாட்டில், மக்களுக்குள் ஒருவருக்கொருவர் காணப்படும் ஆயுள் வித்தியாசத்தில் எவ்வளவு பகுதி மரபணு வித்தியாசத்தோடு சேர்ந்து செல்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். கொள்ளை நோயும், விபத்தும், போரும் உயிர்களைக் கண்மூடித்தனமாக வாரிக்கொண்டு போகும் காலத்தில் அந்தப் பகுதி சுருங்கியே தோன்றும். நார்டிக் நாட்டு இரட்டையர்களைப் பற்றி 2006-ல் வெளிவந்த ஆய்வு, அறுபது வயதுக்கு முன் பரம்பரையின் செல்வாக்கு மிக அற்பமென்றும், அதன் பின்னரே அது படிப்படியாக ஓங்குகிறதென்றும் காட்டியது. என் அபிப்பிராயத்தில், இத்துறையின் எண்கள் யாவற்றினும் மனத்தில் இருத்த வேண்டியது இந்த முடிவே.

எந்த மரபணு என்ற கேள்விக்கு முதல் வெளிச்சம் வந்தது மனிதரிடமிருந்து அன்று. மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப் புழுவிடமிருந்து. இரண்டு மூன்று வாரமே வாழும் அப்புழுவில், டாஃப்-2 என்னும் ஒரே மரபணுவின் மாறுதல் ஆயுளை இரு மடங்குக்கு மேல் நீட்டுவதைக் கலிபோர்னியாவில் சிந்தியா கென்யன் குழுவினர் 1993-ல் அறிவித்தனர். டாஃப்-16 என்னும் மற்றொரு மரபணு பழுதுபட்டிருந்தால் இந்த நீட்சி நிகழவில்லை. முன்னது நம் உடலின் இன்சுலின் ஏற்பிக்கு உறவானது என்பதும், பின்னது ஃபாக்ஸோ என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் 1997-ல் வெளிப்பட்டபோது, புழுவின் கதை மனிதனின் கதையாகவும் ஆகக்கூடும் என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கை ஹவாய்த் தீவில் ஓரளவு பலித்தது. அங்கே ஜப்பானிய வம்சத்து ஆண்கள் 8,006 பேரை 1965 முதல் தொடர்ந்து கவனித்து வந்த இருதய நோய் ஆய்விலிருந்து, தொண்ணூற்றைந்து வயதேனும் வாழ்ந்த 213 பேரையும் எண்பத்தொன்றுக்கு முன் இறந்த 402 பேரையும் பிராட்லி வில்காக்ஸ் குழுவினர் ஒப்பிட்டு, ஃபாக்ஸோ-3 மரபணுவின் ஒரு வடிவம் முதல் தொகுதியாரிடம் மிகுந்திருப்பதை 2008-ல் தெரிவித்தனர்; அடுத்த ஆண்டே ஜெர்மானிய முதியோரிடமும் இதற்கு ஆதரவு கிடைத்தது. இதற்கு முன்பே, 1994-ல், பிரெஞ்சு நாட்டில் நூறு வயது கண்ட 338 பேரைப் பரிசோதித்த பிரான்ஸுவா ஷாக்டர் குழுவினர், கொழுப்பை இரத்தத்தில் ஏந்திச் செல்லும் புரதத்துக்குரிய அப்போ-ஈ மரபணுவின் நான்காம் வடிவம் அவர்களிடம் அருகியும் இரண்டாம் வடிவம் மிகுந்தும் இருப்பதைக் கண்டிருந்தனர். நான்காம் வடிவம் இருதய நோய்க்கும் அல்சைமர் நோய்க்கும் ஏதுவாவது. ஆதலால் அதை உடையவர்களில் பலர் நூறை எட்டுமுன்பே கழிந்துவிடுகின்றனர். எண்ணற்ற வேறு மரபணுக்கள் தீர்க்காயுளுக்குக் காரணமென்று அறிவிக்கப்பட்டு, மறு சோதனையில் நிலைக்காமல் போயின. நூற்றைம்பது மரபணுக் குறிகளைக் கொண்டு நூறாண்டு வாழ்வோரை முன்னறியலாம் என்று 2010-ல் அமெரிக்காவில் வெளிவந்த கட்டுரை, பரிசோதனை முறையில் பிழை காணப்பட்டு மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது.

வம்சாவளிக் கணக்கு, கணிப்பொறியின் காலத்தில், பெல் கனவிலும் கருதாத அளவில் மறு பிறவி எடுத்தது. 40 கோடிக்கு மேற்பட்ட மக்களின் குடும்ப மரங்களை ஆராய்ந்து கிரஹாம் ரூபி குழுவினர் 2018-ல் கண்ட உண்மை வியப்புக்குரியது: இரத்த உறவோ ஒரே வீட்டு வாழ்க்கையோ இல்லாத சம்பந்தி வகை உறவினரும் ஆயுளில் ஒருவரையொருவர் ஒத்திருந்தனர். கல்வி, செல்வம், பழக்கம் ஆகியவற்றில் தம்மை ஒத்தவரையே மக்கள் மணக்கின்றனர் என்பதே இதன் விளக்கம். இந்த ஒப்புமையைக் கழித்துப் பார்க்கையில் பரம்பரையின் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிற்று. எனினும் மிக முதிய வயதைப் பற்றிய கணக்கு வேறு. நூறாண்டு கண்டவருடைய சகோதரர்கள் தாமும் நூறை எட்டும் வாய்ப்பு, அவர்கள் காலத்து அமெரிக்கப் பொது மக்களைக் காட்டிலும் பதினேழு மடங்கும், சகோதரிகளுக்கு எட்டு மடங்கும் மிகுதி என்று தாமஸ் பெர்ல்ஸ் குழுவினர் 2002-ல் கண்டிருந்தனர். நெதர்லாந்து, அமெரிக்காவின் யூட்டா ஆகிய இரண்டு இடத்து மூன்று தலைமுறைப் பதிவேடுகளிலிருந்து 3,14,819 பேரைப் பற்றி 2019-ல் வெளிவந்த ஆய்வும், தம்மோடு பிறந்த தலைமுறையில் மிக நீண்டு வாழ்ந்த பத்தில் ஒரு பங்கினரிடமே மரபின் சாயல் தெளிவாகத் தென்படுவதைக் காட்டியது. பெற்றோர் தாமே அவ்வாறு நீடு வாழாதபோதும், சுற்றத்தாரில் தீர்க்காயுள் பெற்றவர்கள் இருந்தால், அவ்வனுகூலம் அப்பெற்றோரின் வழியே பிள்ளைகளை வந்தடைந்திருந்தது.