தொப்பி கேட்ட இளவரசன்

லீ ஜூன்-இக் இயக்கத்தில் 2015இல் வந்த ‘தி த்ரோன்’ படத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்கு அந்த அப்பா மேல் கோபம் மட்டும்தான் வந்தது. கொரிய மொழியில் படத்தின் பெயர் ‘சாடோ’. 1762ஆம் ஆண்டு கோடையில் ஜோசன் அரசர் யோங்ஜோ, தன் மகனும் பட்டத்து இளவரசருமான சாடோவை ஓர் அரிசிப் பெட்டிக்குள் இறங்கச் சொல்லி மூடிவிடுகிறார். பத்தாயம் மாதிரியான மரப்பெட்டி. எட்டாம் நாள் சாடோ உள்ளே இறந்துகிடக்கிறார். வயது 27. படம் அந்த எட்டு நாட்களையும் எண்ணிக்கொண்டே நடுநடுவே பழைய வருடங்களுக்குப் போய்த் திரும்புகிறது.

அப்பாவின் அன்புக்கு ஏங்கிய மகன், அதைக் கொடுக்கத் தெரியாத அப்பா. படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். படமும் கடைசியில் இதைத்தான் வெளிப்படையாகச் சொல்கிறது. பெட்டிக்கு வெளியே அப்பாவும் உள்ளே மகனும் இரவில் பேசிக்கொள்ளும் அந்தக் காட்சியில், தனக்கு வேண்டியிருந்தது ஒரு கனிவான பார்வையும் ஒரு நல்ல வார்த்தையும்தான் என்கிறார் சாடோ. யூ ஆ-இன் அதைச் சொல்லும்போது அழாமல் இருப்பது கஷ்டம்.

ஆனால் இது மறைந்திருந்த ஆசையே இல்லை. சாடோவின் மனைவி ஹேக்யோங் சீமாட்டி எழுதிய நினைவுக்குறிப்புகளில் 1758இல் நடந்த ஓர் உரையாடல் வருகிறது. அப்போதே சாடோ ஆட்களைக் கொல்லத் தொடங்கிவிட்டார். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அரசர் கேட்கிறார். கோபம் வந்தால் ஆளையோ மிருகத்தையோ கொல்லாமல் அடங்குவதில்லை என்கிறார் மகன். ஏன் அப்படி? மனசு நொந்துபோயிருக்கிறது, நீங்கள் என்னிடம் அன்பாக இல்லை, திட்டும்போது பயமாக இருக்கிறது. மருத்துவமனை அறையில் நோயாளி சொல்வதுபோல அவ்வளவு நேரடியாகச் சொல்லிவிடுகிறார். கிழவர் மனம் இளகி, இனி அப்படி இருக்கமாட்டேன் என்று சொன்னதாகவும் பதிவு இருக்கிறது. இருந்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

அந்த அரண்மனையில் தன் ஆசையை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் சாடோதான். அவர்தான் செத்துப்போனார். மற்றவர்களின் ஆசைகளைத்தான் நாம் தோண்டிப் பார்க்கணும்.

முதலில் யோங்ஜோ. 52 ஆண்டுகள் ஆண்டவர், ஜோசன் வரலாற்றில் அவ்வளவு காலம் வேறு யாரும் ஆளவில்லை. படைவரியாகக் குடிமக்கள் கொடுத்த துணியை 1750இல் பாதியாகக் குறைத்தவர். நல்ல அரசர் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அவருடைய அம்மா அரண்மனையில் தண்ணீர் தூக்கும் வேலைக்காரியாக இருந்தவர் என்று சொல்லப்பட்டது. அண்ணன் க்யோங்ஜோங் 1724இல் இறந்தபின் அரியணை இவருக்கு வந்தது. அண்ணன் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் சாப்பாட்டில் நண்டும் சீமைப் பனிச்சைப் பழமும் இருந்தன. அதை அனுப்பியது தம்பிதான் என்ற வதந்தி அவரை விடவே இல்லை. 1728இல் அதைச் சொல்லியே ஒரு கலகம் வெடித்தது. 1755இல் ஒரு துரோக வழக்கு விசாரணையில், குற்றம்சாட்டப்பட்ட ஒருவர் அரசரின் முகத்துக்கு நேரே, 1724க்குப் பிறகு நான் நண்டே சாப்பிடுவதில்லை என்றார். அரசர் அழுதார். ஆட்சிக்கு வந்து முப்பது வருடம் ஆன பிறகும்.

இப்படிப்பட்டவருக்கு மகன் எதற்கு? கொஞ்சுவதற்கு மட்டும் இல்லை. மூத்த மகன் 1728இல் இறந்து, ஏழு வருடம் கழித்து 1735இல் பிறந்த பிள்ளை சாடோ. அவன் படித்தவனாக, ஒழுக்கமானவனாக, குறையே சொல்லமுடியாதவனாக இருந்தால் தன் ரத்தத்தின் மேல் இருக்கும் கறை கழுவப்பட்டுவிடும். மகன் அவருக்கு ஒரு சாட்சிப் பத்திரம். படத்தில் சாங் காங்-ஹோ இதைக் குரலிலேயே கொண்டுவருகிறார். மகனைத் திட்டும்போது ஆத்திரத்தைவிடப் பதற்றம்தான் அதிகம் தெரிகிறது. 1749இல் பதினான்கு வயதுப் பையனை ஆட்சிப் பொறுப்பில் உட்காரவைத்து, பின்னாலேயே தானும் உட்கார்ந்து, அவன் எது சொன்னாலும் தப்பு என்கிறார். கேட்டுச் செய்தால் சுயபுத்தி இல்லை, கேட்காமல் செய்தால் திமிர்.

காது கழுவும் காட்சி படத்தில் வருகிறதே, அது கற்பனை இல்லை. பிடிக்காததைக் கேட்டால் வாயையும் காதையும் கழுவிக்கொள்வது யோங்ஜோவின் வழக்கம் என்று ஹேக்யோங் எழுதியிருக்கிறார். சாடோவிடம் சாப்பிட்டாயா என்று கேட்பாராம். பதில் வந்ததும் காதைக் கழுவுவாராம்.

படம் தொடாமல் விட்ட ஒன்றும் உண்டு. வாரிசு என்பதால் குழந்தை சாடோவைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி மாளிகையில் வளர்த்தார்கள். அங்கே பணியில் வைக்கப்பட்ட பெண்களில் பலர், இறந்துபோன அண்ணன் க்யோங்ஜோங்கின் அரசியிடம் முன்பு வேலை செய்தவர்கள். எந்த வீட்டைப் பார்த்தால் தனக்கு உறுத்துமோ அந்த வீட்டிலேயே மகனை வைத்துவிட்டு, பிறகு அங்கே போவதைக் குறைத்துக்கொண்ட அப்பா. எல்லாக் கேடும் அங்கிருந்துதான் தொடங்கியது என்பது ஹேக்யோங்கின் கணிப்பு. எனக்கும் அது சரியாகப்படுகிறது. சாடோ கட்சிச் சண்டைக்குப் பலியானவர், பைத்தியம் என்பது கட்டுக்கதை என்று வாதிடுகிறவர்கள் கொரியாவில் இருக்கிறார்கள். படம் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. போகாததால்தான் படம் தப்பித்தது.

அடுத்து அம்மா. சாடோவைப் பெற்ற யோங்பின்தான் அரசரிடம் போய், மகனை இனி விட்டுவைக்கக் கூடாது, பேரனையாவது காப்பாற்றுங்கள் என்று கேட்டவர். பெற்ற தாயே கேட்டார் என்பதை நம்பமுடியாமல் நான் படத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். தான் செய்த காரியத்துக்குத் தன் தடத்தில் புல்கூட முளைக்காது என்று பிறகு சொன்னாராம். இரண்டே வருடத்தில், 1764இல் அவரும் போய்விட்டார்.

ஏன் பெட்டி? விஷம் கொடுத்தாலோ வெட்டினாலோ அது தண்டனை. தண்டனை என்றால் சாடோ குற்றவாளி, அவர் பிள்ளை குற்றவாளியின் பிள்ளை, அரியணை ஏறமுடியாது. காயமில்லாமல், தீர்ப்பில்லாமல் ஒருவன் சாகவேண்டும். பேரனைக் காப்பாற்ற நினைத்த அன்புதான் அந்தப் பெட்டியின் அளவை முடிவு செய்தது.

அந்தப் பேரன் பத்து வயது நிறையாத பையன், பின்னாளில் அரசர் ஜோங்ஜோ. படத்தில் ஒரு காட்சி: சாடோ தன் அம்மாவுக்கு, அரசிக்கு மட்டுமே உரிய நான்கு வணக்கங்களைச் செய்கிறார். பையனும் செய்கிறான். முறைக்கு விரோதமான அதை நீ ஏன் செய்தாய் என்று தாத்தா கேட்கும்போது, அன்றைக்கு அப்பாவின் மனசைப் பார்த்தேன் என்கிறான். அந்த வீட்டில் அதைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

கடைசியாக ஹேக்யோங். இதை எழுதத் தூண்டியதே இவர்தான். படத்தில் மூன் குன்-யோங்குக்கு அழுவதைத் தவிர அதிக வேலை இல்லை, முதுமை ஒப்பனையும் ஒட்டவில்லை. ஆனால் நமக்குத் தெரிந்த சாடோ பெரும்பாலும் இவர் எழுதிய சாடோ. அரசவைக் குறிப்பேடுகளில் அந்தக் காலப் பக்கங்களை 1776இல் பேரன் கேட்க, தாத்தா சம்மதிக்க, ஓடைத் தண்ணீரில் மை போகக் கழுவிவிட்டார்கள். காதைக் கழுவியவர் காகிதத்தையும் கழுவச் சொல்லிவிட்டார். மிச்சம் பெரிதும் இந்தப் பெண்ணின் எழுத்துதான்.

அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. பிறந்த வீட்டின் பெயரைக் காப்பாற்றவேண்டும். பெட்டி யோசனையே அவருடைய அப்பா கொடுத்தது என்று எதிரிகள் பேசினார்கள். சித்தப்பா 1776இலும் தம்பி 1801இலும் மரண தண்டனைக்கு ஆளானார்கள். ஆகவே அவர் எழுதியதைச் சந்தேகத்தோடுதான் படிக்கணும். ஆனால் தன் வழக்குக்காக மட்டும் எழுதுகிற ஒருவர் அந்தத் தொப்பியைப் பற்றி எழுதியிருக்கமாட்டார்.

அப்பா கூப்பிடுகிறார் என்று ஆள் வந்த அன்று, காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று சாடோ மகனின் குளிர்காலத் தொப்பியைக் கேட்கிறார். அது சின்னது, உங்களுடையதையே போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் ஹேக்யோங். சாடோ அவரைப் பார்த்து, நீ பயங்கரமானவள், உன் பிள்ளையோடு ரொம்ப நாள் வாழணும், சாகப்போகிறவன் தலையில் அவன் தொப்பி இருக்கக் கூடாது, அதுதானே என்கிறார். அப்படி நான் நினைக்கவே இல்லை என்று எழுதுகிறார் ஹேக்யோங். பதறிப்போய்த் தொப்பியைக் கொண்டுவரச் சொல்கிறார். வேண்டாம் என்றுவிட்டு சாடோ போகிறார். அதுதான் கடைசி.

நினைக்கவே இல்லையா? எனக்குத் தெரியாது. அவருக்குமே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அவர் வாழ்ந்தார், பிள்ளை அரசனானான். 1795இல் அம்மாவின் அறுபதாம் நிறைவுக்கு ஜோங்ஜோ சுவோனில் பெரிய விருந்து வைத்தார், அப்பாவின் கல்லறையை அங்கேதான் மாற்றியிருந்தார். படம் அந்த விருந்தில்தான் முடிகிறது. அப்பா வரைந்த விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு மகன் ஆடுகிறான், அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த வருடம்தான் ஹேக்யோங் எழுதவும் தொடங்கினார். ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றி முழுதாக எழுத 1805 வரை ஆனது. ஜோங்ஜோ இறந்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது.