நிறத்துக்கு யார் பொறுப்பு?

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் டிடிபி கடைகளின் கணினியில் கறுப்புக் கோட்டில் வரைந்த பிள்ளையார் ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார். அவரை வரைந்தவர் யாரென்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கலர் பத்திரிகை வேண்டும் என்றால் கோரல் டிராவில் அந்தக் கோட்டுப் படத்தைத் திறந்து, வேட்டிக்கு மஞ்சள், மேனிக்குச் சிவப்பு, கிரீடத்துக்குத் தங்கச் சாயல் என்று நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். முறையாக ஓவியம் பயின்றவர்கள் இதைக் கலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்தவர் போட்ட கோட்டுக்கு நிறம் பூசுவது கணினி பழக்கிவிட்ட சோம்பேறித்தனம் என்பது அவர்கள் கட்சி. மைசூரின் கைவினை வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கட்சி நிற்காது. கோட்டைச் சேர்த்து வைப்பதும், திரும்பத் திரும்ப எடுத்தாள்வதும், ஒவ்வொரு முறையும் நிறத்தைப் புதிதாக ஏற்றுவதும் அந்த ஊர்ப் பட்டறைகளில் அன்றாட நடைமுறையாக இருந்தவை. கணினி மாற்றியது வேறொன்றை. இந்த இடத்துக்கு ஏன் இந்த நிறம் என்று கேட்டால் முன்பு பதில் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. இன்று பெரும்பாலும் அது இல்லை.

மைசூர் ஓவியத்தில் கோடும் நிறமும் எப்படிப் பிரிந்து நின்றன என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே காணலாம். நேரான புளியங்குச்சிகளை இரும்புக் குழாயில் அடைத்துச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரியால் முதல் கோட்டைப் போடுவார்கள். நகை, சிம்மாசனம், திருவாசி போன்ற இடங்களில் வெள்ளை ஈயப் பொடியும் மஞ்சள் மரப்பிசினும் பசையும் கலந்த பூச்சை ஏற்றி, அது காய்ந்ததும் தங்கத் தாள் ஒட்டுவார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் மக்கு வேலை என்று சொல்வது இதன் உறவுதான். ஆனால் தஞ்சாவூரில் மேடு தடித்து நிற்கும், கல் பதிப்பார்கள். மைசூரில் அது விரலால் தடவினால்தான் தெரியும் அளவுக்கு மெல்லியது. பூச்சும் தங்கமும் ஏறிய இடத்தில் அடிக்கோடு மறைந்துவிடுவதால், அணில் முடித் தூரிகையால் அதன் மேல் கோட்டை மறுபடி எழுப்ப வேண்டும். மற்ற இடங்களுக்கு அடங்கிய நிறங்கள்தான். எல்லாம் காய்ந்த பிறகு மெல்லிய தாளை மேலே விரித்து வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இத்தனை வேலையிலும் ‘இது என் கற்பனைக் கோடு’ என்று ஓவியர் மார்தட்டிக்கொள்ளும் இடம் எதுவும் இல்லை. ஓவியக் குடும்பங்கள் கைமாற்றி வந்த கோட்டுப் பிரதிகளிலிருந்து உருவம் வந்தது. அவருடைய திறமையை அளந்தது அந்தக் கோட்டின் மேல் அவர் ஏற்றிய பூச்சும் நிறமும்தான்.

அந்த நிறமும் அவர் இஷ்டத்துக்கு விட்டதாக இல்லை. 1799 முதல் 1868 வரை மைசூர் அரியணையில் இருந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் பெயரால் உருவான ஸ்ரீதத்துவநிதி என்ற பெருந்தொகுப்பு ஒன்பது நிதிகளாகப் பிரிந்தது. தெய்வ உருவங்களின் தியான சுலோகங்களும் அவற்றுக்குரிய வண்ணப் படங்களும் அதில் பக்கம் பக்கமாக வருகின்றன. இத்தனை கை, இன்ன ஆயுதம், இன்ன வாகனம் என்று சொல்லும் சுலோகமே மேனி நிறத்தையும் சொல்லிவிடும். செவ்வாய்க்குச் சிவப்பு, குருவுக்கு மஞ்சள், சனிக்குக் கருமை என்று நவக்கிரகச் சன்னிதியில் துணி சாத்தும் நம் ஊர்க் குருக்கள் பின்பற்றுவதும் இதே வகை ஒழுங்குதான். இது புதிய சிந்தனையும் அல்ல. 12ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரனின் நூலே ஓவிய வகைகளையும் தனி நிறங்களையும் கலப்பு நிறங்களையும் பேசுகிறது. அர்த்தசாஸ்திரத்தைக் கண்டெடுத்த ஆர். சாமசாஸ்திரியின் பதிப்பில் சோமேஸ்வரன் நூலின் முதல் பகுதி மைசூரிலேயே 1926இல் அச்சேறியது. ஆக, கோடு பட்டறையின் சேமிப்பிலிருந்து வந்தது, நிறம் ஏட்டிலிருந்து வந்தது. ஓவியர் பொறுப்பேற்றது இரண்டுக்கும் இடையில் இருந்த கைப்பக்குவத்துக்கு மட்டுமே. ஏடு இப்படிக் கட்டிப்போட்டால் கலைஞன் அடிமைதானே என்று கேட்கலாம். ‘சிவப்பு’ என்று சுலோகம் சொல்லும். எத்தனை அடர்த்தி, பக்கத்தில் எந்தப் பச்சை, தங்கத்துக்கு எதிரே அதை எவ்வளவு தணிக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. ஒரே சுலோகத்துக்கு இரண்டு பட்டறைகள் வரைந்த படங்கள் வேறுபடுவது இந்த இடைவெளியில்தான்.

மைசூரின் மர இழைப்புப் பதிப்பு வேலையில் இதே பிரிவினை இன்னும் கறாராக இருக்கிறது. தாளில் வரைந்த கோட்டுப் படத்தை மெல்லிய மரத்தகட்டில் ஒட்டி, நுண்ணிய ரம்பத்தால் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக அறுத்து, ஈட்டிமரப் பலகையில் அதே அளவுக்குக் குழி தோண்டிப் பதித்துத் தேய்ப்பார்கள். யானையின் காது ஒரு துண்டு, அம்பாரி ஒரு துண்டு, பின்னணி மரத்தின் ஒவ்வொரு இலைக்கொத்தும் ஒரு துண்டு. சாயம் தோய்ப்பதில்லை. மஞ்சள் வேண்டுமானால் பலா போன்ற மஞ்சள் மரம், கருமை வேண்டுமானால் ஈட்டியின் வைரம். வெண்மைக்கு ஒரு காலத்தில் தந்தம் இருந்தது, அது சட்டத்துக்குப் புறம்பான பின் பிளாஸ்டிக் வந்தது. மைசூர் அரண்மனைக் கதவுகளில் தந்தம் பதித்த பழைய வேலையை இன்றும் பார்க்கலாம். கணினியில் மூடிய வடிவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்கிறோமே, அதன் மர வடிவம்தான் இது. நிறப் பட்டியலை இங்கே வகுத்தது காடு. ஆகாயத்துக்கு நீலம் வேண்டுமே என்று எவ்வளவு ஏங்கினாலும் நீல மரம் கிடைக்காது. அதனால் ஆகாயத்தை மரத்தின் ரேகையைக் கொண்டு காட்டினார்கள். மைசூரின் பதிப்பு வேலைக்குத் தனி முகம் கிடைத்ததில் இந்தப் பற்றாக்குறைக்குப் பெரும் பங்கு உண்டு என்பேன்.

கறுப்பு வெள்ளையை வண்ணமாக்கிய மிகப் பெரிய மைசூர் முயற்சி அரண்மனைக் கல்யாண மண்டபச் சுவர்களில் இருக்கிறது. 1930ஆம் ஆண்டு தசரா ஊர்வலத்தின் புகைப்படங்களை ஆதாரமாக வைத்து அரண்மனை ஓவியர்கள் 1934 முதல் 1945 வரை தீட்டிய 26 பெரிய படங்கள் அவை. அந்தக் காலத்தில் பரவலாகப் புழங்கிய புகைப்படப் படலங்கள் சிவப்பைச் சரியாக உணராதவை. சிவப்பு தலைப்பாகை கறுத்து விழும், நீலம் வெளுத்துவிடும். எனவே படத்தில் தெரியும் சாம்பல் திட்டை நம்பி நிறத்தை ஊகித்தால் பிழைதான் மிஞ்சும். இந்த ஓவியர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தங்க அம்பாரியும் சீருடைகளும் அரண்மனைக்குள்ளேயே இருந்தன, ஊர்வலத்தில் நடந்த அதிகாரிகளில் பலர் எதிரே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1940இல் மறைந்த பிறகும் வேலை தொடர்ந்தது. மறைந்த மன்னரின் உடைக்குத் தவறான நிறம் பூசியிருந்தால் கண்டுபிடித்துச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். சுலோகம் செய்த வேலையை இங்கே பொருளும் சாட்சியும் செய்தன.

கணினி வேலை இவற்றோடு ஒப்பிடத் தகுந்ததா, ஒரு சொடுக்கில் முடிவது அல்லவா என்பது அடுத்த ஆட்சேபம். ஒரு சொடுக்கில் முடியாது என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்கேன் செய்த கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஊற்றிய நிறம் வழிந்து தாள் முழுவதும் பரவிவிடும். நிழலுக்காகக் குறுக்கும் நெடுக்கும் கீறிய கோடுகள் இருந்தால் ஒவ்வொரு கட்டமும் தனி அறையாகி, நிறம் ஓர் அறையோடு நின்றுவிடும். கோட்டின் ஓரத்துச் சாம்பல் புள்ளிகளைக் கவனிக்காவிட்டால் நிறத்துக்கும் கோட்டுக்கும் நடுவே வெள்ளை விளிம்பு ஒன்று பல்லிளிக்கும். தேர்ந்தவர்கள் கோட்டைத் தனி லேயரில் மேலே வைத்து, நிறத்தை அதன் அடியில் விரித்து, கீறல் நிழல்களை அழித்துவிட்டு நிறத்தாலேயே நிழல் தருகிறார்கள். இதுவும் கைத்திறன்தான், குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு வெள்ளையே முழுமையான கலை, அதைத் தொடக் கூடாது என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கீறலாலேயே நிழலை முடித்துக் காட்டிய படத்துக்கு நிறம் ஏற்றினால் ஏதாவது ஒன்று பலியாகத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலான கிளிப் ஆர்ட் அப்படி வரையப்பட்டதல்ல. மலிவாக அச்சடிக்கவும் எளிதாக நகலெடுக்கவும் தோதாக எடுத்த வெறும் புறக்கோடு அது. நிறம் ஏற்றுவதால் அதற்கு இழப்பு ஒன்றும் நேர்ந்துவிடாது.

நான் குறையாகக் காண்பது வேறு இடத்தில். கணினித் திரை ஒன்றே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவான நிறங்களைத் தருகிறது. காட்டுக்கு இருந்த பஞ்சமும் ஏட்டுக்கு இருந்த கட்டளையும் அங்கே இல்லை. 1965இல் வந்த கன்னடப் படமான ‘சத்திய ஹரிச்சந்திரா’ 2008இல் கணினி வண்ணத்தில் மறுபடி திரைக்கு வந்தது. இயக்கியவர் மைசூர் மாவட்டத்து ஹுணசூரு கிருஷ்ணமூர்த்தி. புராண அரசனின் பட்டு எந்த நிறம் என்பதற்குக் காலண்டர் படமும் நாடக மேடையும் ஒரு வழி காட்டும், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். 1971இன் ‘கஸ்தூரி நிவாசா’ 2014இல் வண்ணமாகி வந்தபோது நிலைமை வேறு. அது சமகாலக் குடும்பக் கதை. அந்த வீட்டுச் சோபாவும் நாயகியின் புடவையும் நிஜத்தில் ஒரு நிறத்தில் இருந்தவை. அதை அறிந்தவர்களிடம் கேட்டுப் பூசிய நிறத்தையும் ஊகித்துப் பூசிய நிறத்தையும் திரையில் பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது. ஸ்ரீதத்துவநிதியின் ஏட்டில் படத்தோடு சுலோகமும் இருப்பதால் படத்தின் நிறத்தை யாரும் சரிபார்க்கலாம். இன்றைய மென்பொருளில் ஒவ்வொரு லேயருக்கும் பெயர் எழுத இடம் இருக்கிறது. ‘லேயர் 7’ என்று விட்டுவிடும் அந்த இடத்தில் ‘அருங்காட்சியக உடையைப் பார்த்தது’ என்றோ ‘ஊகம்’ என்றோ எழுதி வைக்க அரை நிமிடம் போதும்.