ஆலை சுற்றிய கதை

‘சாலை என்பதன் சகரம் தேய்ந்து ஆலை ஆயிற்று’ என்றொரு விளக்கம் மேடைதோறும் உலவுகிறது. சமணர் அமணர் ஆனதைத் துணைக்கு அழைக்கிறார்கள். பட்டினப்பாலையை ஒருமுறை புரட்டியிருந்தால் இந்த வீண்வேலை இல்லை. கரும்பு ஆலையைப் பாடும் அதே பாட்டு எருதுக் கொட்டிலைச் சாலை என்கிறது. ஒரே புலவர் வாயில் இரண்டும் வேறாக நிற்க, தேய்ந்தது எப்போது?

ஆலை முதலில் கட்டடமே அன்று, பொறி. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்பதில் இருப்பது கரும்பு ஆட்டும் ஆலை. ஆலுதல் என்றால் ஆடுதல், மயில் ஆலும். செக்கை ஆட்டுகிறோம், கரும்பையும் ஆட்டுகிறோம். சுற்றிக் காட்டுவது ஆலாத்தி, வட்ட விசிறி ஆலவட்டம். சுழல்வது ஆலை. ஆலமரத்தையும் இங்கே இழுப்பவர்களோடு எனக்கு வழக்குமில்லை, உடன்பாடுமில்லை.

நீராவி வந்தபின் பஞ்சு, அரிசி, காகிதம் என்று ஆலை என்ற பெயர் நீண்டது, அதுவும் ஏட்டில்தான். பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் மில்கள் ஊர்வாயில் ‘பின்னி மில்’. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் திரண்டவர்களும், 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் சாதிவாரியாகப் பிரிந்து மோதியவர்களும் மில்காரர்களே. திருவொற்றியூரில் அது ‘கம்பெனி’. தீப்பெட்டிக் கம்பெனியான விம்கோ ஒரு நகருக்கே பெயரானது. ஷிப்டுக்கு ஊதியது ‘சங்கு’. கடலில் எடுப்பதன் பெயர் இயந்திரத்தின் வாய்க்குப் போயிற்று.

காசிமேட்டில் கடலுக்குப் போவதுதான் ‘தொழிலுக்குப் போறது’. அண்ணன் தொழிலுக்கு, தம்பி கம்பெனி வேலைக்கு. அவனுக்கு மீன்பாடு, இவனுக்குச் சம்பளம். தொழிற்சாலை என்ற சொல்லை யாரைக் கேட்டுச் செய்தார்களோ!

எண்ணூரில் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது அனல்மின் நிலையம். உள்ளே சுழலி ஓயாமல் சுற்ற, பெயர் மட்டும் நிலையம்! அடுத்திருக்கும் வடசென்னை நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு விரலில் சிக்குவது அந்தச் சாம்பற்சேறு. பட்டினப்பாலையிலோ ஆலைத்தீயின் வெக்கையில் நெய்தற்பூ வாடுகிறது. உரைகாரர்கள் இதை நாட்டு வளம் என்று கடந்துவிடுகிறார்கள். ஆலை என்றால் சுழலவும் வேண்டும், பக்கத்து நெய்தலைச் சுடவும் வேண்டும் என்றால், எண்ணூர் நிலையங்களை ஆலை என்றே எழுதலாம் என்பது என் துணிபு.