பூதவாதமும் ஆயிரமாண்டு நம்பிக்கையும்: தஞ்சையில் ஒரு தடம்

கிறித்து மீண்டும் தோன்றி ஆயிரம் ஆண்டு அரசாள்வார் என்னும் நம்பிக்கை, விவிலியத்தின் இறுதி நூலாகிய வெளிப்பாட்டின் இருபதாம் அதிகாரத்தைப் பற்றி எழுந்தது. உடலின் வேறாய் உயிர் இல்லை என்பது பூதவாதம். மணிமேகலையின் 'சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதை' கற்றார்க்கு அஃது புதிதன்று. இவ்விரண்டும் தம்முள் முற்றும் முரணுவன என்பது பலர் கருத்து. ஐரோப்பிய வரலாறு அதற்கு மாறாகச் சான்று பகர்கின்றது.

தாமஸ் ஹாப்ஸ் தம் 'லெவியதான்' (1651) என்னும் நூலில், உடலை நீங்கித் தனித்து வாழும் உயிர் உண்டென்பதை மறுத்தார்; ஆயின் உயிர்த்தெழுதலை மறுத்திலர்; இறையரசு இம்மண்ணுலகிலேயே அமையும் என்றார். வளிகளை ஆராய்ந்த வேதியல் அறிஞர் பிரீஸ்ட்லி 1777-இல் பூதவாதத்தை நிறுவ நூல் செய்தார். 1794-இல் ஐரோப்பியக் குழப்பங்களை விவிலியத் தீர்க்கதரிசனங்களோடு ஒப்பிட்டுச் சொற்பொழிவாற்றினார். தனி உயிர் இன்றெனின், இறந்தார்க்குரிய நம்பிக்கை முழுவதும் கடைநாள் உயிர்த்தெழுதலையே சார்ந்து நிற்றல் வேண்டும். எனவே இவர்பால் பூதவாதம் அந்நம்பிக்கைக்கு அரணாயிற்று.

இனித் தஞ்சையை நோக்குவோம். திருச்சபைக்கு நற்காலம் வரவிருக்கின்றது என ஜெர்மானியராகிய ஸ்பேனர் 1675-இல் எழுதினார். அவர்வழி வந்த ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தைச் சார்ந்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடி வந்தார். அவ்வியக்கத்தார் பூதவாதியர் அல்லர். பகுத்தறிவு மெய்யியலாராகிய உல்ஃப் 1723-இல் ஹாலேயை விட்டு நீங்க நேர்ந்தது அவர்தம் எதிர்ப்பினாலேயாம். எனினும் படைப்பைக் கற்றல் படைத்தவனை அறியும் நெறி எனக் கொண்டு, இயற்கைப் பொருள்களைத் தொகுத்து மாணவர்க்குக் காட்டினர்.

அக்கல்வி பெற்று 1750-இல் தரங்கம்பாடி வந்தவர் சுவார்ட்சு ஐயர். அவர் பேணி வளர்த்த இருவர் சரபோசி மன்னரும் (1777–1832) வேதநாயக சாத்திரியாரும் (1774–1864) ஆவர். தம் முன்னோர் சமயத்திலேயே நின்ற மன்னர், உடற்கூற்றையும் கண் மருத்துவத்தையும் பயின்றார். கண்ணோயாளர் பற்றிய குறிப்புகள் ஓவியங்களோடு சரசுவதி மகாலில் உள்ளன. சாத்திரியாரோ பெத்லகேம் குறவஞ்சியில் கோப்பர்னிக்கசின் வானநூலைத் தமிழ்ப்பாட்டாக்கினார். அந்நூலின் தலைவி கிறித்துவை நாடி நிற்கும் மணமகள்; ஆட்டுக்குட்டியானவரின் திருமணம் என வெளிப்பாடு கூறும் கடைநாள் நிகழ்ச்சியைக் குறவஞ்சித் தலைவியின் காதல் தமிழ் மரபில் நினைவூட்டுகின்றது.

ஆகவே, அவ்வானநூற் பகுதியை வெற்றுப் புலமையெனத் தள்ளுதலும், சரபோசியின் அறிவியலைச் சமயத்தை உதறிய புத்தறிவெனப் புகழ்தலும் ஒருங்கே பிழையாம். ஹாப்சிடமும் பிரீஸ்ட்லியிடமும் பூதவாதமும் நம்பிக்கையும் கொள்கையளவில் இணைந்தன. தஞ்சையில் அக்கொள்கை வரவில்லை. பருப்பொருள் ஆராய்ச்சி மட்டுமே, இறையரசை எதிர்நோக்கிய ஓர் இயக்கத்தின் கல்விவழி வந்தது. வந்த பின்னர், அவ்வெதிர்நோக்கு இன்றியும் அது மன்னரிடத்துத் தழைத்தது. இவ்வேறுபாட்டை உணர்ந்து கற்பார்க்கே அக்காலத் தஞ்சை தன் உண்மை உருவில் விளங்கும்.