'ரமணா', 'டாகூர்' படங்களில் லஞ்சத்துக்குத் தண்டனை மரணம். வாளையாரிலும் தேவிகுளத்திலும் நிஜத்தில் என்ன நடக்கிறது?

தாசில்தார்கள் கடத்தப்படுகிறார்கள். அவர்களில் அதிகம் லஞ்சம் வாங்கியவர் கொல்லப்படுகிறார், மற்றவர்கள் வீடு திரும்புகிறார்கள். அடுத்த நாள் முதல் அரசு அலுவலகங்களில் லஞ்சம் வாங்க எல்லோருக்கும் கை நடுங்குகிறது.

2003 செப்டம்பரில் வெளியான சிரஞ்சீவியின் தெலுங்குப் படம் 'டாகூர்' இப்படித்தான் தொடங்கும். "இது விஜயகாந்த் படமாச்சே" என்று நீங்கள் நினைத்தால், அதுவும் சரிதான். 2002 தீபாவளிக்கு ஏ.ஆர்.முருகதாஸ் இயக்கத்தில் வந்த 'ரமணா'வைத்தான் வி.வி.விநாயக் தெலுங்கில் எடுத்தார். 2015இல் இதே கதை அக்‌ஷய் குமார் நடிப்பில் 'கப்பர் இஸ் பேக்' என்று இந்திக்கும் போனது.

கேரளாவின் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இந்தக் கதையின் இரண்டு முக்கிய அம்சங்களும் நிஜமாகவே இருக்கின்றன. ஒன்று தினசரி கைமாறும் சில்லறை லஞ்சம், இன்னொன்று ஒரு தாசில்தாரின் கையெழுத்து.

தமிழுக்கும் தெலுங்குக்கும் என்ன வித்தியாசம்?

கதை ஒன்றேதான். லஞ்சம் கொடுத்து அனுமதி வாங்கிய ஒரு கட்டடம் இடிந்து, பேராசிரியரின் குடும்பம் பலியாகிறது. அவர் தன் மாணவர்களைக் கொண்டு ஊழல் தடுப்புப் படை அமைக்கிறார். ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்கும் முன்னாள் மாணவர்கள் தகவல் திரட்ட, யார் அதிகம் வாங்கினார் என்று பட்டியல் தயாராகிறது.

முடிவு மட்டும் வேறு. தமிழில் ரமணா தூக்கிலிடப்படுகிறார். தெலுங்கில் நாயகனுக்கு 5 ஆண்டு சிறைதான். சிரஞ்சீவி தூக்கில் தொங்குவதைத் தெலுங்கு ரசிகர்கள் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வாளையாரில் என்ன நடந்தது?

கோவையில் இருந்து பாலக்காடு போகும் தேசிய நெடுஞ்சாலை 544இல் இருக்கிறது வாளையார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிக வரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. ஆனால் மோட்டார் வாகனத் துறையின் சாவடிகள் தொடர்ந்தன.

2022 ஜனவரியில் கேரள விஜிலன்ஸ் வாளையாரில் சோதனை நடத்தி, கணக்கில் வராத பணத்தைப் பிடித்தது. ரூபாய் நோட்டு மட்டுமல்ல, லாரிகளில் வரும் பூசணியும் ஆரஞ்சும்கூட 'மாமூல்' ஆகிப்போன கதை அப்போது செய்தியானது. 2025 ஜனவரியில் வாளையார், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் உள்ளிட்ட பாலக்காடு சாவடிகளில் மீண்டும் சோதனை நடந்தது. சிக்கியது சுமார் 1.49 லட்சம் ரூபாய். சில நாட்களிலேயே மறுபடி சோதனை, மறுபடி பணம்.

தொகை சின்னதாகத் தெரியலாம். ஒரு வண்டிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, அது 1,490 வண்டிகள். டிரைவரின் கணக்கு எளிமையானது. 100 ரூபாய் கொடுத்தால் ஐந்து நிமிடம், பேப்பரைக் காட்டி நியாயம் பேசினால் அரை நாள். தக்காளி ஏற்றி வந்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

தேவிகுளம் கதை என்ன?

இடுக்கியில் மூணாறு இருப்பது தேவிகுளம் தாலுகாவில். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழும் மண். 1999இல் அங்கு கூடுதல் தாசில்தாராக இருந்த எம்.ஐ.ரவீந்திரன் வழங்கிய 530 பட்டாக்கள், கேரள அரசியலில் 'ரவீந்திரன் பட்டயம்' என்றே பெயர் பெற்றுவிட்டன. அவற்றை வழங்க அவருக்கு அதிகாரம் இல்லை என்பது அரசின் நிலைப்பாடு. அதிகாரம் இருந்தது என்பது அவரது வாதம்.

2007இல் முதல்வர் வி.எஸ்.அச்சுதானந்தன், ஆக்கிரமிப்புகளை அகற்ற சுரேஷ் குமார், ராஜு நாராயண சுவாமி, ரிஷிராஜ் சிங் என்ற மூன்று அதிகாரிகளை மூணாறுக்கு அனுப்பினார். ரிசார்ட்டுகள் இடிக்கப்பட்டன. படம் பார்ப்பது போலவே கேரளா டிவி முன் உட்கார்ந்தது. ஆனால் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்ப, அந்த நடவடிக்கை பாதியில் நின்றது. 2017இல் ஆக்கிரமிப்புகளில் கை வைத்த தேவிகுளம் சப்-கலெக்டர் ஸ்ரீராம் வெங்கிட்டராமன், அதே ஆண்டு ஜூலையில் இடமாற்றம் செய்யப்பட்டார்.

2022 ஜனவரியில் அந்த 530 பட்டாக்களை ரத்து செய்ய அரசு உத்தரவிட்டது. தகுதி உள்ளவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றது. சினிமாவில் இல்லாத சிக்கல் இங்கேதான் வருகிறது. அந்தப் பட்டாவை வைத்திருப்பவர்களில் ரிசார்ட் முதலாளியும் உண்டு, சின்ன வீடு கட்டிய குடும்பமும் உண்டு. அதிகாரியைத் தண்டிப்பதோடு படம் முடிந்துவிடும். அவர் போட்ட கையெழுத்து 20 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவர் வீட்டு பீரோவில் இருக்கும்.

சட்டம் எதை எளிதாகப் பிடிக்கிறது?

ஊழல் தடுப்புச் சட்டம் 1988இன் 7வது பிரிவுப்படி, லஞ்சம் வாங்கும் அரசு ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. 2018இல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, அதிகாரப்பூர்வ முடிவு தொடர்பான புகாரை விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்கிறது. கையும் களவுமாகப் பிடிக்கும்போது அந்த அனுமதி தேவையில்லை.

அதாவது, பினாப்தலின் பவுடர் தடவிய 500 ரூபாய் நோட்டை வாங்கியவர் விரல்களை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் அது இளஞ்சிவப்பாக மாறும், வழக்கு தயார். ஒரு மலையையே மாற்றிவிடும் கையெழுத்துக்கு அப்படி ஒரு கரைசல் இல்லை. அதற்குக் கோப்பு, அனுமதி, பொறுமை எல்லாம் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கட்டாயத்தின் பேரில் லஞ்சம் கொடுத்துவிட்டீர்களா? 7 நாட்களுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ புகார் செய்தால், 8வது பிரிவின் கீழ் நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள். இந்த 7 நாள் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை.
* கேட்கும்போதே புகார் செய்வது இன்னும் நல்லது. கேரள விஜிலன்ஸின் கட்டணமில்லா எண் 1064. தமிழ்நாட்டில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்தை அணுகலாம்.
* எல்லை தாண்டும் முன் வரி, பெர்மிட்டை ஆன்லைனில் கட்டி, ரசீதைக் கையில் வைத்திருங்கள்.
* மலைப்பகுதியில் இடம் வாங்குவதாக இருந்தால், பட்டாவை வழங்கியது யார், எந்த ஆண்டு, அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. ரமணாவின் மாணவர்கள் ரகசியமாகத் திரட்டிய விவரங்களில் ஒரு பகுதியை இன்று நீங்கள் மனு போட்டே கேட்கலாம்.