கொழும்பின் வழிபாட்டிடங்களும் வணிக மூலதனமும்: புறக்கோட்டை - கொட்டாஞ்சேனைப் பகுதி பற்றிய சில குறிப்புகள்

புறக்கோட்டையிலிருந்து செட்டியார் தெரு, ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை வழியாகக் கொட்டாஞ்சேனை வரை நடந்து செல்லும் ஒருவர், ஒரு மணி நேரத்துக்குள் பள்ளிவாசல், கதிரேசன் கோயில், ஒல்லாந்தத் தேவாலயம், கருங்கற் சிவாலயம், கத்தோலிக்கப் பேராலயம், பௌத்த விகாரை ஆகிய அனைத்தையும் கண்டுவிடலாம். இதனைக் கண்டு மதநல்லிணக்கத்தின் சின்னம் எனப் பூரிப்போர் உளர். சுற்றுலாக் கைந்நூல்கள் இப்பூரிப்பையே விலைப்பொருளாக்குகின்றன. மறுபுறம், ஒவ்வொரு சமூகத்தவரும் தத்தம் தலத்தின் வரலாற்றைத் தனித்தெழுதி வந்துள்ளனர். அத்தல வரலாறுகளில் அடுத்த தெரு என ஒன்று இருப்பதற்கான சுவடே தென்படுவதில்லை. இவ்விரு நோக்குகளும் ஒரே வினாவைத் தவிர்த்துச் செல்கின்றன. இக்கட்டடங்களை எழுப்பிய பணம் எவ்வகைப்பட்டது? அவற்றை எழுப்பிய கைகள் யாருடையவை? இவ்வினாக்களை எழுப்பாது சமயச் சமூகங்களின் வரலாற்றை எழுத முடியாது என்பதே எமது கருத்தாகும்.

இப்பகுதியின் இடப்பெயர்களே ஒருவகைச் சான்றாவணங்கள் எனலாம். செட்டியார் தெரு, சோனகத் தெரு என்பன தொழிலையும் சமூகத்தையும் ஒருங்கே சுட்டுவன. கொச்சிக்கடை என்பது மலையாளக் கரையிலிருந்து வந்தோரின் கடைகளை நினைவூட்டுவது. ஆங்கிலத்தில் அடிமைத் தீவு எனப்பட்ட பகுதியைத் தமிழில் நாம் கொம்பனித்தெரு என்கிறோம். அடிமைகளை அங்கு அடைத்து வைத்தது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி. ஆங்கிலப் பெயர் அடிமையையும் தமிழ்ப் பெயர் அவனுக்கு உடையவனையும் நினைவில் வைத்திருக்கின்றன.

1656 இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சமயத்தை நிர்வாகத்தின் ஓர் உறுப்பாகவே கையாண்டனர். கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. பிறப்பும் விவாகமும் பள்ளித் தோம்பில் பதியப்பட்டாலன்றிச் சொத்துரிமை உறுதிப்படாது என்ற நிலையில், ஞானஸ்நானம் காணி உறுதியின் முன்னுரையாயிற்று. முதலியார் பதவிகளை நாடிய குடும்பங்கள் சீர்திருத்தத் திருச்சபையில் பெயர் பதிந்துகொண்டதில் வியப்பில்லை. அவர்களிற் பலர் வீட்டில் எதனை வழிபட்டனர் என்பது வேறு விடயம். அந்த ஆட்சியின் கல்லாலான வெளிப்பாடே வுல்பெண்டால் தேவாலயம். 1749 இல் தொடங்கி 1757 இல் நிறைவெய்திய இக்கட்டடம், சிலுவை வடிவில், தடித்த கபுக் கற்சுவர்களோடு, துறைமுகத்தை நோக்கிய மேட்டில் நிற்கிறது. நரிகள் திரிந்த சதுப்பை ஓநாய்ப் பள்ளத்தாக்கு என ஒல்லாந்தர் அழைத்ததால் வந்த பெயர் இது என்பர். இலங்கையில் ஓநாய் இல்லை என்பதை அறியவும் அவர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை போலும்! கோட்டைக்குள் புதைக்கப்பட்டிருந்த ஒல்லாந்த ஆள்பதிகளின் எச்சங்கள் 1813 இல் தீப்பந்த ஊர்வலமாக இங்கு கொணரப்பட்டன. குலச்சின்னம் பொறித்த கல்லறைப் பலகைகள் இன்றும் தரையிற் காணப்படுகின்றன. சுவரெழுப்பியோர் பெயர் எதுவும் அங்கில்லை.

அதே காலத்தில் தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கம் மறைவில் வாழ்ந்தது. 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகள் (2015 இல் இவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது) கண்டியரசின் புகலிடத்தைக் கொண்டு அதனைப் புதுப்பித்தார். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் தேவாலயத்தின் தோற்றம் பற்றிய ஐதிகமும் ஒல்லாந்தருக்கு அஞ்சி ஒளித்திருந்த ஒரு குருவையும், கடலரிப்புக்கு அஞ்சிய மீனவரையும் பற்றியதே. ஐதிகத்தை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. எனினும், அத்தலத்தின் நினைவில் ஆள்பதியன்றிக் கடற்றொழிலாளர் முன்னிற்கின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிரித்தானியர் காலத்தில் வழிபாட்டிடத்துக்கும் அரசுக்குமிடையே சந்தை வந்து நின்றது. 1806 இல் கத்தோலிக்கர் மீதான தடைகள் நீங்கின. சோனகர் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் நிலம் வாங்கலாகாது என்ற ஒல்லாந்தர் காலத்து விதி 1832 இல் அகற்றப்பட்டது. இவ்வாண்டு எமது நோக்கில் மிக முக்கியமானது. நிலம் விலைப்பொருளானதன் பின்னரே வணிகச் சமூகங்கள் நகரின் நடுவில் தம் இருப்பைக் கல்லிற் பொறிக்க முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கு எழுந்த பெருங்கட்டடங்கள் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் உபரியைப் பங்கிட்டுக்கொண்டோரின் கட்டடங்களாம்.

நாட்டுக்கோட்டைச் செட்டியாரை எடுத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளருக்கான அரிசியை இறக்குமதி செய்தும், ஐரோப்பிய வங்கிகள் கடன் கொடுக்க மறுத்த உள்ளூராருக்குக் கடன் கொடுத்தும் அவர்கள் பொருளீட்டினர். வங்கி செட்டியாருக்குக் கொடுக்கும். செட்டியார் ஊராருக்குக் கொடுப்பார். இரண்டு வட்டிக்கும் இடையிலிருந்த வேறுபாட்டிலேதான் செட்டியார் தெரு வாழ்ந்தது. அவர்தம் கணக்கில் கோயிலுக்குரிய மகமை ஒழுங்கான செலவினம். அவ்வாறு சேர்ந்த கோயிற்பணம் மீண்டும் வட்டிக்கு விடப்பட்டது. இங்கு தெய்வமும் ஒரு முதலீட்டாளர். இதனைக் கேலியாகக் கூறவில்லை. ஒருவரையொருவர் நம்பிக் கடல்கடந்து பணம் அனுப்பிய ஒரு குழுமத்துக்கு, அந்நம்பிக்கையைக் காத்து நின்ற நிறுவனம் கதிரேசன் கோயிலேயாகும். கொழும்பு ஆடிவேல் விழா 1874 இல் தொடங்கியதாகக் கூறப்படும். கொள்ளைநோய்ப் பரவலைக் காரணங்காட்டிக் கதிர்காம யாத்திரைக்கு அரசு கட்டுப்பாடு விதித்த காலமது. யாத்திரை போக முடியாத வேளையில் வேல் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் புறப்பட்டது. தேர் பார்க்கத் திரண்டோரிற் பெரும்பாலார் செட்டியாரல்லர். துறைமுகத் தொழிலாளரும் சில்லறை வியாபாரிகளும் சிங்களக் குடும்பங்களுமே. 1925 இல் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் முறிந்ததும் வங்கிகள் கடனை நிறுத்தின. கடன்பட்ட சிங்கள, தமிழ் நடுத்தர வர்க்கத்தார் காணி இழந்தனர். வங்கிகளை நோக்க வேண்டிய கோபம் செட்டியாரை நோக்கிற்று. 1934 ஆம் ஆண்டின் வங்கி ஆணைக்குழுவும், 1939 இல் இலங்கை வங்கியின் தோற்றமும் இந்நெருக்கடியின் விளைவுகள்.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் வேறொரு வர்க்கப் பகுதியின் வெளிப்பாடு. 1850களில் பொன்னம்பல முதலியார் நிறுவிய இதனை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரை முழுக் கருங்கல்லில் மீளக் கட்டுவித்தார். தென்னிந்தியச் சிற்பிகளின் கைவண்ணம் அதன் தூண்களிற் பொலிகிறது. அதன் அழகை மறுப்பவர் எவரும் இலர். ஆயின் கல்லிலே சைவத்தின் நிலைபேற்றை நாட்டிய அதே பெருமகனார், டொனமூர் ஆணைக்குழுவின் முன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். அவர் உடன்பிறந்த அருணாசலம் 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்தவர். ஒரே குடும்பம், ஒரே சைவப் பற்று, இரு வேறு அரசியற் பாதைகள். சமய நம்பிக்கையிலிருந்து நேரடியாக வர்க்க நிலைப்பாட்டை உய்த்துணர முற்படும் எளிய வாய்பாடுகள் எம்மவரிடையிலும் உண்டு. அவற்றுக்கு இதுவே போதிய மறுப்பு.

முஸ்லிம்களிடையேயும் இத்தகைய வேறுபாட்டைக் காணலாம். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909 இல் நிறைவெய்திய சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசல், தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த சம்மான்காரரின் முயற்சி. கடையைப் பூட்டி நெடுந்தூரம் செல்லாது ஐவேளை தொழ வேண்டிய வியாபாரிகளின் தேவையே அதன் இருப்பிடத்தைத் தீர்மானித்தது. முறையான கட்டடக் கலைப் பயிற்சியற்ற சாய்பு லெப்பை என்பார் அதனை வடிவமைத்தார் என்பர். இலங்கைச் சோனகரின் முயற்சியோ மருதானைப் பள்ளிவாசலைச் சார்ந்து கல்வியை நோக்கிற்று. நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரிக்காரின் பொருளும், எகிப்தியத் தேசியத் தலைவர் ஒறாபி பாஷாவின் ஊக்கமும், சித்திலெப்பையின் சிந்தனையும் 1892 இல் ஸாஹிராக் கல்லூரியாக உருக்கொண்டன. சித்திலெப்பையே 1885 இல் 'அஸன்பே சரித்திர'த்தை வெளியிட்டவர் என்பதை இலக்கிய மாணவர் அறிவர். இலங்கையில் தமிழ் நாவலின் தொடக்கம் இந்நகர்ப்புற மறுமலர்ச்சியின் துணைவிளைவேயன்றித் தனித்ததோர் அற்புதமன்று.

கொட்டாஞ்சேனைக்கு வருவோம். இங்கிருந்த தீபதுத்தமாராமயவில் மீகெட்டுவத்தே குணானந்த தேரர் 1862 இல் சங்கமும் அச்சகமும் நிறுவிக் கிறித்தவப் பிரசுரங்களுக்கு விடையிறுத்தார். 1873 ஆம் ஆண்டுப் பாணந்துறை வாதம் அவரை நாடறியச் செய்தது. இப்பௌத்த மறுமலர்ச்சிக்குப் பொருளுதவியோருட் சாராயக் குத்தகையிலும் காரீய அகழ்விலும் செல்வஞ் சேர்த்த கரையோரக் குடும்பத்தார் முக்கியமானவர்கள். அயலிலே புனித லூசியா பேராலயம் எழுந்துகொண்டிருந்தது. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினர். பௌத்தர் ஒருவர் உயிரிழந்தார். குற்றஞ்சாட்டப்பட்டோர் மீதான நடவடிக்கை போதிய சான்றில்லை எனக் கைவிடப்பட்டது. கேணல் ஒல்கொட் 1884 இல் இலண்டன் சென்று முறையிட்டார். 1885 இல் வெசாக் விடுமுறை கிடைத்தது. அவ்வாண்டே பௌத்த கொடி இவ்விகாரையில் ஏற்றப்பட்டது. படித்தவர் விண்ணப்பம் எழுதினர், விடுமுறை பெற்றனர். தெருவில் அடிபட்டவர் கொட்டாஞ்சேனையின் ஏழைகள்.

1915 இல் இப்பண்பு மேலும் கூர்மையடைந்தது. கண்டியில் மே 28 இல் ஊர்வலத் தகராறாகத் தொடங்கிய கலவரம் சில நாட்களிற் கொழும்பை எட்டிற்று. மருதானைப் புகையிரதத் தொழிலாளரும் அதிற் பங்குபற்றினர். யுத்தகால விலையேற்றத்தில் நலிந்தவருக்கு எதிரியாகத் தெரிந்தது கண்முன்னே கடைவைத்திருந்த கரையோரச் சோனகர். அரசின் கணக்கில் 86 பள்ளிவாசல்கள் சேதமுற்றன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன.  விலையைத் தீர்மானித்த ஏற்றுமதி இறக்குமதிக் கம்பனிகளின் கண்ணாடிச் சாளரங்கள் கோட்டையில் உடையாமலிருந்தன. குமாரி ஜயவர்த்தனவின் ஆய்வுகள் இக்கலவரத்தின் பொருளாதாரப் பின்னணியை விரிவாகக் காட்டியுள்ளன.

எட்டு ஆண்டுகளின் பின், 1923 இல், ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் ஏறத்தாழ 20,000 தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். சிங்களவர், தமிழர், மலையாளிகள், முஸ்லிம்கள் எல்லோரும் அதிலிருந்தனர். 1915 இல் கல்லெடுத்த சில கைகள் இதிலும் இருந்திருக்கலாம் என எண்ணத் தோன்றுகிறது. ஆயின் 1930களின் வேலையின்மையில் அதே தலைவர் மலையாளித் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். ஒற்றுமை ஒருமுறை பெற்றுவிட்டால் என்றும் நிலைக்கும் உடைமையன்று என்பதை இடதுசாரிகளே அதன்பின் வெகுகாலம் மறந்திருந்தனர். 1983 யூலையிற் புறக்கோட்டைத் தமிழ்க் கடைகள் எரிந்தபோது தொழிற்சங்கங்களால் எதனையும் தடுக்க முடியவில்லை. ஆடிவேல் தேரும் சில ஆண்டுகள் வீதிக்கு வரவில்லை.

இதுகாறும் கூறியதனைக் கொண்டு எல்லாவற்றையும் விலைவாசியாலும் மூலதனத்தாலும் விளக்கிவிடலாம் என எவரேனும் கருதின், 2019 ஏப்ரில் 21 அதற்குத் தடையாக நிற்கிறது. மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. நாடெங்கும் அன்று இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாக்கியோருள் இருவர் கொழும்பின் செல்வந்த வாசனைச் சரக்கு வணிகக் குடும்பமொன்றைச் சேர்ந்த சகோதரர். வறுமை இதனை விளக்காது. கடன், வாடகை, போட்டி என நாம் பழகிய கருவிகளும் முழுமையாக விளக்கா. உலகளாவிய கருத்தியல் ஒன்று, போருக்குப் பிந்திய ஆண்டுகளின் முஸ்லிம் எதிர்ப்புப் பிரசாரம், அரசின் பொறுப்பின்மை ஆகியன எவ்வாறு ஒருங்கிணைந்தன என்பதை ஆராய, எமது ஆய்வு முறையே விரிவுபட வேண்டியுள்ளது. இதனை ஒப்புக்கொள்வதில் நாணம் இல்லை.

அத்தேவாலயம் அதே ஆண்டு யூன் மாதத்தில் மீளத் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் அங்கு மெழுகுதிரி ஏற்றுவோரில் இந்துக்களும் பௌத்தரும் முஸ்லிம்களும் இருப்பது முன்பே அறியப்பட்ட வழக்கம். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகளும், வண்டி தள்ளுவோரும், துறைமுகத்து நாட்சம்பளத்தாரும் அக்கூட்டத்தில் உள்ளனர். அவர்களின் முன்னோர் பெயரைக் கொடையாளர் கல்வெட்டுகளில் தேடிப் பயனில்லை. கோயில்களின் மகமைக் கணக்குகள், பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள், துறைமுகத்தின் சம்பளப் பட்டியல்கள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து வாசிக்கும் வேலையை எமது மாணவர்கள் இனியாவது தொடங்க வேண்டும், கறையான் காத்திருப்பதில்லை.